மூழ்கியோர் பிரதிநிதி

நீர்வழி மீட்பு வாரியத்தின் பியூன் வந்து வாசலில் நின்றபோது, சலூன் நாற்காலியில் மளிகைக்கடைக்காரர் ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையுமாக அண்ணாந்து கிடந்தார்.

"நீங்கதானே தண்ணியில முழுகினவர்?" என்று கேட்டான் பியூன்.

சலூன்காரர் கத்தியை நிறுத்தவில்லை. "முழுகப் பார்த்தவன். முழுகியிருந்தா இங்க எப்படி நிப்பேன்?"

"அதை அங்க வந்து சொல்லுங்க. டைரக்டர் கையோட கூட்டிட்டு வரச் சொன்னார்."

"மறுகன்னம் பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வரேன்."

பாதி முகத்தில் ஆளை எழுப்புவது அவர் தொழிலில் கிடையாது. மாமியார் இறந்த செய்தி வந்த நாளில்கூட, நாற்காலியில் இருந்தவரின் மறுகன்னத்தையும் மழித்துத் துண்டை உதறிவிட்டுத்தான் அழப் போனார்.

சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவருடைய மைத்துனர் தலையைத் தூக்கினார். மைத்துனர் தோணிக்காரர். காலையிலும் மாலையிலும் தோணி ஓட்டுவார். இடையில் சலூன் பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை அளப்பார்.

"போன மழைக்கு முழுகினீங்க மச்சான், இப்ப ஆள் அனுப்பியிருக்காங்க. பரவாயில்லையே, சீக்கிரமாவே வந்துட்டாங்க!"

நாற்காலியில் இருந்த மளிகைக்கடைக்காரர் சிரித்ததில் கத்தி லேசாகப் பட்டு ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

ஆறும் கடலும் ஒன்றை ஒன்று பிடித்துத் தள்ளும் முகத்துவாரம் அது. இக்கரையில் சலூன், வீடு, வாரியம். அக்கரையில் பெரிய மருத்துவமனை. சலூன்காரரின் ஒரே மகள் அங்கே நர்ஸ் பயிற்சியில் இருந்தாள். பஸ்ஸில் சுற்றிப் போனால் அரைநாள் ஆகும். பாலம் கட்டுவதாகச் சொல்லி நடுநீரில் ஒரே ஒரு தூணை எழுப்பியிருந்தார்கள். அது நீர்க்காக்கைகள் உட்காரப் பயன்பட்டது. இறக்கை இல்லாத மற்ற எல்லோரும் மைத்துனரின் தோணியில்தான் போய்வந்தார்கள்.

போன மழைக்காலத்தில் அந்தத் தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தபோது சலூன்காரர் தண்ணீரில் விழுந்தார். நீச்சல் தெரியாது. தவறி விழுகிறவர்களுக்கென்று மைத்துனர் தோணியின் பின்னால் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் ட்ரம்மைக் கயிற்றில் கட்டியிருந்தார். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சலூன்காரர் பிழைத்தார். கூட விழுந்த கணவன் மனைவிக்கு ட்ரம் எட்டவில்லை.

அன்றைக்கு மீட்பு வாரியத்தில் படகைத் தவிர எல்லாம் இருந்தது. ஐந்து மாடிக் கட்டடம் இருந்தது. ஆற்றுக் காற்று காகிதங்களைப் பறக்கடிக்கிறது என்று ஜன்னல்களைத் தெருப்பக்கம் மட்டும் வைத்திருந்தார்கள். கூரையில் ஊருக்கே கேட்கும் சங்கு இருந்தது. ஆண்டுதோறும் ஊழியர்கள் வெள்ளைச் சீருடையில், துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தார்ச்சாலையில் அணிவகுத்துப் போனார்கள். பார்ப்பதற்கு மிகவும் அழகாக இருக்கும். இருந்த ஒரு மரப்படகைக் கரையான் தின்றுவிட்டது. தண்ணீரில் விடாமல் பத்திரமாக வைத்திருந்ததுதான் காரணம்.

இரண்டு பேர் செத்ததைப் பத்திரிகைகள் எழுதவே, வாரியம் படகு வாங்க முடிவு செய்தது. படகு வாங்க ஒரு தேர்வுக்குழு வேண்டும். தேர்வுக்குழுவில் மூழ்கியோர் சார்பில் ஒருவர் இருக்கவேண்டும் என்பது விதி.

"முழுசா மூழ்கினவங்களுக்குத்தான் முன்னுரிமை" என்று இயக்குநர் விளக்கினார். மிருதுவாக, பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர் அவர். "அவங்க விலாசத்துக்கு அழைப்பு அனுப்பினோம். ரெண்டு பேருமே வரலை. பொறுப்பில்லாத ஜனங்க. அடுத்த நிலையில நீங்க இருக்கீங்க."

சலூன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மழைக்கு இன்னும் காலம் இருந்தது. மழைக்குள் ஒரு படகு கரையில் நின்றால் மகள் தோணியில் ஏறும்போதெல்லாம் தான் கரையில் காத்து நிற்கவேண்டாம் என்பது மட்டும் புரிந்தது. அதற்காகச் சரி என்றார்.

முதல் கூட்டத்தில் அவருக்கு மேசையின் கடைசியில் இடம் கொடுத்தார்கள். நாற்காலிக்குக் கீழே ஒரு சாக்கு விரித்திருந்தது. மூழ்கியோர் பிரதிநிதி ஈரமாக வருவார் என்று யாரோ முன்யோசனையாகப் போட்டது.

போட்டியில் இரண்டு படகுகள் இருந்தன. இரண்டுக்குமே சுற்றிவரக் காற்றடைத்த ரப்பர் குழாய். ஒன்றுக்கு அடிப்பாகமும் ரப்பர்தான். காற்றை இறக்கிவிட்டால் பாய் மாதிரி சுருட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகலாம். அதற்கு மெத்தைப் படகு என்று பெயர் வைத்தார்கள். மற்றதற்கு அடிப்பாகம் கெட்டியான ஃபைபர், நடுவில் கூர்மையாக இறங்கியிருக்கும். அலையைப் பிளந்துகொண்டு போகும். ஆனால் கரையில் நகர்த்த வண்டி வேண்டும். அது கட்டிப் படகு.

மெத்தைக்கு ஆதரவாகத் துணை இயக்குநர் எழுந்தார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

"தண்ணியில தத்தளிக்கிறவன் ஏற்கெனவே மனசு நொந்து போயிருக்கான். அந்த நேரத்துல ஒரு கெட்டியான பொருளைக் கொண்டுபோய் அவன் மேல மோதறது மனிதாபிமானமா? இது கனிவான வாரியம்னு பேர் எடுத்திருக்கோம். இதுவரைக்கும் நாம மீட்கப் போய் ஒருத்தருக்காவது அடிபட்டிருக்கா? சொல்லுங்க!"

யாருக்கும் அடிபட்டதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். யாரையும் மீட்கப் போனதில்லை.

கட்டிக்கு ஆதரவாகத் தலைமைப் பொறியாளர் எழுந்தார். கழுத்து வலிக்காகப் பட்டை மாட்டியிருந்ததால் யாரைப் பார்க்கவேண்டுமானாலும் முழு உடம்பையும் திருப்பவேண்டும்.

"மெத்தைங்கறது படுக்கறதுக்கு. பெரிய அலை வந்தா அது நடுவுல மடியும். அரசாங்கச் சின்னம் போட்ட ஒரு பொருள் பொதுமக்கள் முன்னால மடியலாமா? மூழ்கறவன் மூழ்கிட்டுப் போறான், ஆனா ஒரு கம்பீரத்தைப் பார்த்துட்டுப் போகணும். அப்புறம் அடியில சிப்பி இருக்கு. சிப்பி பட்டா ரப்பர் கிழியும்."

"சிப்பி இருக்கிற இடத்துல எச்சரிக்கைப் பலகை வைக்கலாம்" என்றார் துணை இயக்குநர்.

"சிப்பிக்குப் படிக்கத் தெரியுமா?"

"சிப்பிக்கு இல்லைங்க. மூழ்கறவங்களுக்கு. வேற இடத்துல மூழ்கட்டுமே."

இயக்குநர் கண்ணை மூடியபடியே கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பினார். "பிரதிநிதி சொல்லட்டும். நீங்க முழுகிட்டிருந்தப்ப, எந்தப் படகு வரணும்னு நினைச்சீங்க?"

சலூன்காரர் எழுந்து நின்றார். சாக்கு காலில் சிக்கியது. "எதாவது ஒண்ணு வந்தாப் போதும்னு நினைச்சேன் சார்."

தலைமைப் பொறியாளர் முழு உடம்பையும் திருப்பி அவரைப் பார்த்தார்.

"எதாவது ஒண்ணு!" என்றார் இயக்குநர், வருத்தமாக. "இதுதான் பிரச்சினை. பொதுமக்களுக்குத் தெளிவே கிடையாது. உயிர் போற நேரத்துலகூட ஒரு முடிவுக்கு வரமாட்டேங்கறாங்க. அப்புறம் வாரியம் தாமதம் பண்ணுதுன்னு பேசறாங்க."

"மழைக்கு முன்னாடி வந்தா நல்லதுங்க. என் பொண்ணு தினமும் போய் வரா…"

"அது சொந்த நலன். குழுவில சொந்த நலன் பேசக்கூடாது. உங்க பொண்ணைத் தவிர மத்தவங்க மூழ்கறதைப் பத்திப் பேசுங்க."

அன்று மாலை வீட்டில் மகள் கேட்டாள்: "என்னப்பா முடிவாச்சு?"

"பிஸ்கட் நல்லா இருந்துச்சும்மா."

"போங்கப்பா."

"மச்சான் இப்ப சாதாரண ஆளா?" என்றார் மைத்துனர், வாசற்படியில் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே. "செத்தவங்களுக்கெல்லாம் எம்.எல்.ஏ. என்ன சௌகரியம் பாரு, தொகுதியில இருந்து ஒருத்தன் வந்து ரோடு போடு, குழாய் போடுன்னு கேக்கமாட்டான்."

"வாய மூடு மாப்ளே. மழைக்குள்ள படகு வருதா இல்லையா பாரு."

"வரும், வரும். படகு வரும். மழையும் வரும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்காது, அவ்வளவுதான்."

"மாமா, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள் மகள்.

"வருமே. உனக்கு மட்டும் தோணியில கூலி கிடையாது. இதைவிட நல்ல வார்த்தை எவன் சொல்லுவான்?"

படகுகள் உண்மையிலேயே வந்தன. சலூன்காரர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தார். மெத்தைப் படகு ஒரு பெரிய பையில் சுருட்டி வந்திருந்தது. கட்டிப் படகு வண்டியில் ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தது. இரண்டின் மேலும் சிவப்பு எழுத்தில் 'மாதிரி. மீட்புக்கு அல்ல' என்று எழுதியிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வாங்கியவற்றை உயிர் காப்பாற்றப் பயன்படுத்துவது முறைகேடு என்று துணை இயக்குநரும் தலைமைப் பொறியாளரும், முதலும் கடைசியுமாக, ஒரே குரலில் சொன்னார்கள்.

பிறகு சோதனை ஓட்டம். ஒரு மனிதன் மூழ்கவேண்டும். இரண்டு படகுகளும் கரையிலிருந்து கிளம்பவேண்டும். எது முதலில் போய் அவனைத் தூக்குகிறதோ அதுதான் வென்ற படகு. யார் மூழ்குவது என்பதில் மட்டும் குழுவில் கருத்து வேறுபாடே வரவில்லை.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்" என்றார் சலூன்காரர்.

"தெரிஞ்சா அது சோதனையே இல்லையே" என்றார் தலைமைப் பொறியாளர்.

"ஒரு மிதவைச் சட்டையாவது…"

"அதைப் போட்டா படகு உங்களைக் காப்பாத்துச்சா, சட்டை காப்பாத்துச்சான்னு நாளைக்குக் கேள்வி வரும்" என்றார் துணை இயக்குநர், கனிவாக. "உங்களுக்கு அனுபவம் இருக்கு. வேற ஒருத்தரைப் போட்டா தப்பும் தவறுமா மூழ்குவார்."

இந்தச் சோதனை முடிந்தால் படகு ஒன்று கரைக்கு வந்துவிடும், மழை இன்னும் பிடிக்கவில்லை என்று சலூன்காரர் கணக்குப் போட்டார். மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அவரை நடுநீருக்குக் கொண்டுபோக வாரியத்திடம் படகு இல்லாததால் மைத்துனரின் தோணியையே அமர்த்தினார்கள்.

"எத்தனையோ கூலிக்கு எத்தனையோ பேரை ஏத்தியிருக்கேன் மச்சான்" என்றார் மைத்துனர், துடுப்பை வலித்துக்கொண்டே. "ஆளைத் தள்ளிவிடக் கூலி குடுத்தவன் இவன்தான். எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சோத்துல கை வைக்க விடமாட்டா."

"ட்ரம் கட்டியிருக்கா?"

"அது இல்லாம நான் எந்தக் காலத்துல கரையை விட்டிருக்கேன்?"

கரையில் பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி. வாரியத் தலைவர் வந்துதான் தொடங்கிவைக்கவேண்டும். அவர் வர நேரமாயிற்று. ஆனால் நிகழ்ச்சிநிரலில் 'மூழ்குதல்' குறித்த நேரத்தில் நடக்கவேண்டும் என்று இருந்ததால் சங்கு ஊதிவிட்டார்கள். சலூன்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

முதல் முழுக்கில் உப்புத் தண்ணீர் தொண்டைவரை போனது. மேலே வந்தபோது தலைவரின் கார் வந்து நிற்பது தெரிந்தது. இரண்டாவது முழுக்கிலிருந்து வந்தபோது பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் இயக்குநரின் மிருதுவான குரல் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது: "மூழ்குபவர் கொஞ்சம் வலப்பக்கம் நகரவும். தூண் மறைக்கிறது."

தலைவர் இரண்டு படகுகளையும் சேர்த்துக் கட்டியிருந்த ரிப்பனை வெட்டினார். கத்தரிக்கோல் புதிது, நல்ல கூர்மை. ரிப்பனோடு மெத்தைப் படகின் குழாயும் வெட்டுப்பட்டு, பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. படகு மெல்லத் தலைவரின் காலடியில் படிந்தது.

"பார்த்தீங்களா, என்ன பணிவு!" என்று கைதட்டினார் துணை இயக்குநர்.

கட்டிப் படகை வண்டியோடு தண்ணீருக்குத் தள்ளினார்கள். கடல் நீர் வற்றியிருந்த நேரம். கூர்மையான அடிப்பாகம் சேற்றில் இறங்கிக் கம்பீரமாக நின்றுவிட்டது. சீருடைக்காரர்கள் முழங்கால் சேற்றில் துடுப்பை உயர்த்தி மரியாதை செலுத்தினார்கள். ஊர் ஜனம் கைதட்டியது. சலூன்காரர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியபோது, சிலர் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

மூன்றாவது முறை அவர் மேலே வரவில்லை. மைத்துனர் ட்ரம்மை வீசிவிட்டுத் தானும் குதித்தார். தலைமயிரைப் பிடித்து இழுத்து ட்ரம்மோடு சேர்த்து அணைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். ஊருக்கெல்லாம் முடி வெட்டும் மனிதர் தனக்கு வெட்டிக்கொள்ளாமல் இருந்தது அன்று நல்லதாகப் போயிற்று.

விசாரணை உடனே தொடங்கியது. சலூன்காரர் இன்னும் கக்கிக்கொண்டிருந்தார்.

"சோதனையைக் கெடுத்துட்டீங்க" என்றார் தலைமைப் பொறியாளர். "எந்தப் படகும் போறதுக்கு முன்னாடி ஆளை எடுத்துட்டா முடிவு எப்படி வரும்?"

"எடுக்காம இருந்தா இவர் முடிவு வந்திருக்கும்யா!" என்றார் மைத்துனர்.

ட்ரம்மைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அது மெத்தையும் இல்லை, கட்டியும் இல்லை. ஒப்பந்தப்புள்ளி கொடுக்காமல் போட்டியில் புகுந்து முதலிடம் பிடித்த மூன்றாவது ஆள் என்று அதைக் குறித்துக்கொண்டு பறிமுதல் செய்தார்கள்.

"ட்ரம்மை எடுத்துக்குங்க. கயித்தையாவது விட்டுட்டுப் போங்க" என்றார் மைத்துனர். கயிற்றையும் எடுத்துக்கொண்டார்கள். உடந்தையாக இருந்ததாம்.

இரண்டு மாதிரிகளும் ட்ரம்மும் வெயிலில் கெடக்கூடாது என்று ஆற்றோரம் ஒரு கொட்டகை கட்டினார்கள். கட்டிப் படகைச் சேற்றிலிருந்து இழுத்து முதலில் உரிய இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு அதைச் சுற்றி நான்கு சுவரும் எழுப்பினார்கள். அதிகாரிகள் போய்ப் பார்வையிட ஒரு கதவு வைத்தார்கள். ஓர் அதிகாரி தாராளமாக நுழையக்கூடிய கதவு.

மேகம் கறுக்கத் தொடங்கியதும் சலூன்காரர் வாரியத்துக்கு நடந்தார். இயக்குநர் வரவேற்பறையில் மீன்தொட்டிக்கு முன்னால் நின்று மீன்களுக்குத் தீனி தூவிக்கொண்டிருந்தார்.

"படகு இல்லாட்டிப் போகுது சார். அந்த ட்ரம்மைத் திருப்பிக் குடுத்துடுங்க. வேற ட்ரம் தேடிப் பிடிச்சு மைத்துனன் தோணியில கட்டினா, அதுக்கும் உங்க ஆளுங்க தடை போடறாங்க."

"அங்கீகாரம் இல்லாத மிதவையை எப்படி அனுமதிக்கறது?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன சார்!"

இயக்குநர் அபூர்வமாகக் கண்ணைத் திறந்தார். "இந்தப் பழமொழி இருக்கே, இதுதான் நம்ம ஜனங்களைக் கெடுத்தது. சாண் வேற, முழம் வேற. இந்த வாரியம் எதுக்கு இருக்கு? வெள்ளம் தலைக்கு மேல சாண் போச்சா, முழம் போச்சான்னு அளந்து சொல்றதுக்குத்தான் இருக்கு." கண்ணாடியில் மெல்லத் தட்டினார். "இந்த மீனைப் பாருங்க. ஒண்ணாவது கத்துதா? தண்ணியில எப்படி இருக்கணும்னு இதுங்ககிட்ட கத்துக்கணும்."

தோணி கவிழ்ந்தது மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில். மருத்துவமனை வேலை நேரம் முடிந்து வந்தவர்களால் தோணி நிறைந்திருந்தது. ஆறு மேலிருந்தும் கடல் கீழிருந்தும் ஒரே சமயத்தில் தள்ளியது. கரையில் யாரோ கத்தினார்கள். சலூன்காரர் குடையில்லாமல் கொட்டகைக்கு ஓடினார். அவருக்கு முன்னால் குழுவே அங்கே வந்து சேர்ந்திருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவர்களைக் குறை சொல்லமுடியாது.

"மெத்தையை எடுங்க!" என்றார் துணை இயக்குநர். "கிழிசலை ஒட்டி வெச்சிருக்கு. காத்தடிச்சாப் போதும்."

"எடுத்தா அதைத்தான் தேர்ந்தெடுத்ததா அர்த்தம் ஆகும்" என்றார் தலைமைப் பொறியாளர். "நான் விடமாட்டேன். போனா கட்டி போகணும்."

"கட்டி எப்படிப் போகும்? சுவரு இருக்கே!"

"அப்ப ரெண்டும் போகவேண்டாம்."

"என் பொண்ணு அதுல இருக்கா சார்!" சலூன்காரர் கதவுக்குள் புகப் பார்த்தார். இரண்டு சீருடைக்காரர்கள் துடுப்பைக் குறுக்கே வைத்துத் தடுத்தார்கள். "ட்ரம்மையாவது குடுங்க! அந்த ட்ரம்மைக் குடுங்க சார்!"

"பதறாதீங்க" என்றார் இயக்குநர், கண்ணை மூடிக்கொண்டு. "பிரதிநிதியே பதறினா மத்த மூழ்கியோர் என்ன நினைப்பாங்க? ட்ரம் போட்டியிலேயே இல்லை. ரெண்டு மாதிரியில எதை எடுத்தாலும் ஒருதலைப்பட்சம். எந்தத் தரப்பும் மனம் கோணாத ஒரு வழி இருக்கு."

அந்த வழிப்படி சங்கை ஊதினார்கள். நன்றாக, நெடுநேரம் ஊதினார்கள். அந்தச் சத்தத்தில், தண்ணீரிலிருந்து கத்தியவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கரையிலிருந்த யாருக்கும் கேட்காமல் போயிற்று.

தண்ணீரில் என்ன நடந்தது என்பதை மகள்தான் பிறகு சொன்னாள். மாமா ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டுபோய்ப் பாலத் தூணில் ஒட்டவைத்தார். தூணில் துருத்திக்கொண்டிருந்த கம்பிகளை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவளைக் கொண்டுவந்து சேர்த்ததும், "பாருடி, கடைசியில பாலம் உதவிடுச்சு. கெட்டியாப் பிடி" என்று சிரித்தார். இன்னும் ஒரு கிழவர் மிதக்கிறார் என்று திரும்பிப் போனார். இரண்டு பேரும் வரவில்லை. தோணியின் பின்னால் ட்ரம் கட்டும் கொக்கி மட்டும் கொஞ்சநேரம் தண்ணீருக்கு மேலே தெரிந்தது என்றாள்.

கடல் தன் சௌகரியப்படி மைத்துனரைத் திருப்பிக் கொடுத்தது. சலூன்காரரே கடைசியாக அவருக்கு முகம் மழித்தார். இரண்டு கன்னமும்.

மகள் அக்கரையிலேயே விடுதியில் தங்கிவிட்டாள். பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படிக்க ஆளில்லாமல் சலூனில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மழை ஓய்ந்த ஒருநாள், வாசலில் வாரியத்தின் கார் வந்து நின்றது. இயக்குநர் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் வழக்கமான ஆள் ஊருக்குப் போயிட்டான். சீக்கிரம் முடிங்க, விழா இருக்கு. போட்டோக்காரங்கல்லாம் காத்திருக்காங்க." கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார். "வாரியத்துக்கு விருது. நடுநிலைக்கு. ரெண்டு தரப்புல எதுக்கும் சாயாம, அவ்வளவு நெருக்கடியிலயும் நின்னோம் பாருங்க, அதுக்கு."

சலூன்காரர் பிரஷ்ஷால் நுரை போட்டார். கத்தியைத் தோல்வாரில் இரண்டு முறை தீட்டினார். வலக்கன்னத்தில் மேலிருந்து கீழே, ஒரு மயிர் நிற்காமல் மழித்தார். பிறகு கழுத்துக்கு வந்தார். குரல்வளையின் மேல் கத்தி நின்றது. அதன் அடியில் இயக்குநரின் பேச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"விசாரணை அறிக்கையும் வந்துடுச்சு. தப்பு யார் மேலன்னு தெளிவாச் சொல்லியிருக்கோம். உங்க மைத்துனர் பேர்ல. இறந்தவரைச் சொல்லக்கூடாது, ஆனா என்ன அலட்சியம்! அத்தனை பேரை ஏத்திட்டுப் போற தோணியில ஒரு மிதவைகூடக் கட்டலை."

கத்தி அசையவில்லை. வாசலில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. தெருநாய் ஒன்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"மெதுவா" என்றார் இயக்குநர். "எனக்கு மென்மையான தோல்."

சலூன்காரர் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்தார். தண்ணீரில் அலசினார். துணியில் துடைத்தார். மடக்கி மேசையில் வைத்தார். துண்டை எடுத்து உதறினார்.

இயக்குநர் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கன்னம் பளபளத்தது. மறுகன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"என்னப்பா, இந்தப் பக்கம்?"

"அதுல ஒரு கேள்வி இருக்கு சார். மேலிருந்து கீழ மழிச்சா மென்மை. கீழிருந்து மேல மழிச்சா கெட்டி. ரெண்டுல எதைப் பண்ணினாலும் ஒருதலைப்பட்சம் ஆகிடும்."

"விளையாடறியா? அங்க எல்லாரும் காத்துட்டிருக்காங்க!"

"அதுக்காக அவசரப்பட முடியுமா சார்? நாலு பேரை வெச்சுக் கலந்து பேசணும்."

"யோவ், எதாவது ஒண்ணு பண்ணித் தொலைய்யா!"

சலூன்காரர் துண்டை மடித்து மேசையில் வைத்தார்.

"எதாவது ஒண்ணு" என்றார், மிருதுவாக. "இதுதான் சார் பிரச்சினை. பொதுமக்களுக்குத் தெளிவே கிடையாது."

பிறகு கடையின் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார். அந்தக் கடையில் பாதி முகத்தோடு எழுந்துபோன முதல் ஆள் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அன்று இரவு சலூன்காரர் நெடுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை செய்தித்தாள் வந்து வழக்கம்போல வெறும் பெஞ்சின்மேல் விழுந்தது. முதல் பக்கத்திலேயே படம். வாரியத் தலைவர் கேடயத்தை நீட்ட, இயக்குநர் பக்கவாட்டில் நின்று வாங்கிக்கொண்டிருந்தார். வலக்கன்னம் பளபளவென்று இருந்தது. சலூன்காரர் உள்பக்கங்களையும் புரட்டினார். மேடையில், வரவேற்பில், குழுவோடு என்று இன்னும் நிறையப் படங்கள். எல்லாமே வலப்பக்கத்திலிருந்து எடுத்தவை. எதிலும் குறையே தெரியவில்லை.